ஒரு பெயருக்குப் பதினொரு பக்கம்: பாஸ்போர்ட் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: பாஸ்போர்ட் சேவைப் பிரிவு அதிகாரிகள், இந்திய வெளியுறவு அமைச்சகம், புது தில்லி.

நகல்: சென்னை, மதுரை, திருச்சி, கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகங்கள்.

ஐயா, அம்மா, வணக்கம்.

2022-இல் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்காகக் காத்திருந்தேன். ஒலிபெருக்கியில் யாரையோ மூன்று முறை கூப்பிட்டார்கள். கேட்ட பெயராக இருக்கிறதே என்று நினைத்தேனே தவிர எழுந்திருக்கவில்லை. நான்காவது முறைதான் உறைத்தது, கூப்பிடுவது என்னை. கூப்பிட்ட பெயர் என் முன்னாள் கணவருடையது. குலப்பெயரோ ஊர்ப்பெயரோ இல்லை. அவருடைய சொந்தப் பெயர், அவர் அம்மா அவரைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடும் பெயர். அதற்கு முன்னால் ஒரு 'மிஸ்' சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விவாகரத்தாகி அப்போது ஒரு வருடம் முடிந்திருந்தது. என் பாஸ்போர்ட்டில் மட்டும் அவர் பெயர் சர்நேமாக அப்படியே இருந்தது.

எங்கள் பாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையைச் சொல்லச் சொல்வாள். அவள் பேத்தியான நான், அந்த மனிதரின் பெயரை யாராவது சத்தமாகச் சொன்னால் 'இதோ வந்துட்டேன்' என்று ஓட வேண்டியிருக்கிறது. தலைமுறை மாறித்தான் இருக்கிறது.

தில்லியில் இருப்பவர்களுக்கு எங்கள் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் சர்நேம் கிடையாது. பெயர் ஒன்று, அதற்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுவதென்று தீர்மானம் போட்டார்கள். அப்புறம் வந்த தலைமுறைகளில் அது வழக்கமே ஆகிவிட்டது. உங்கள் விண்ணப்பத்தில் சர்நேம் கட்டம் எங்கள் ஊரில் காலியாகக் கிடந்தால் மறதியில் விட்டதாக நினைக்க வேண்டாம். வேண்டாமென்று எடுத்துப்போட்ட இடம் அது.

ஆனால் கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பச் சொல்ல நாலு பேர் வருவார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அடித்துவிடுகிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்றது. பிறகு கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அதற்குள் இங்கே பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் அலைமோதியது. இப்படி நிரப்பும்போது ஆண்கள் அப்பா பெயரைப் போடுகிறார்கள். கல்யாணமாகாத பெண்களும் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். கல்யாணமான பெண் என்றால் புருஷன் பெயர். அப்படித்தான் என் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் முழுசாக வந்து உட்கார்ந்தார். வடக்கே ஒரு பெண் கணவரின் குடும்பப் பெயரை வாங்கிக்கொண்டால், அது அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் உள்ள பெயர், ஒரு வம்சத்தின் பெயர் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். எங்களுக்கு வருவது ஒரே ஒரு ஆளின் பெயர்.

என் முதல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருந்தது. என் இனிஷியல் சி. 2014-இல் கல்யாணம். 2015-இல் கணவரோடு வெளிநாடு போவதற்காகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தோம். பெயரை மாற்றியே ஆகவேண்டும் என்று அப்போது எந்த அதிகாரியும் என்னிடம் சொல்லவில்லை, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தை நிரப்பிக்கொடுத்த நெட் சென்டர் அண்ணன்தான், "மேரீட்னு போட்டாச்சுல்ல, இனிஷியல் மாறணும்ல மேடம்" என்று தட்டச்சிக்கொண்டே சொன்னார். நானும் சரி என்றேன். இருபத்தாறு வயது, அதை யோசிக்க வேண்டிய விஷயமாகவே நினைக்கவில்லை. இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டிய ஒரு கூட்டு அபிடவிட், கல்யாணச் சான்றிதழ், அவ்வளவுதான் கேட்டார்கள். போட்டோவில் அவர் சிரிக்கிறார், நான் கேமராவைப் பார்க்காமல் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டுடியோக்காரர் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

உள்ளே போக ஒரு போட்டோ போதுமாக இருந்தது. வெளியே வரப் பதினொரு பக்கம் தேவைப்பட்டது.

2024-இல், பழைய பெயருக்கே திரும்பலாம் என்று 1,500 ரூபாய் கட்டி, நேரம் வாங்கி, எங்கள் பக்கத்து சேவா கேந்திரத்துக்குப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பழைய இரண்டு பாஸ்போர்ட்டுகள், நீதிமன்றம் கொடுத்த விவாகரத்து ஆணையான டிகிரியின் சான்றிட்ட நகல், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். டிகிரி என்பது இரண்டே பக்கம்: இன்ன தேதியில் இவர்கள் திருமணம் ரத்து செய்யப்பட்டது என்பதோடு முடிந்துவிடும். ஆனால் டிகிரி மட்டும் போதாது, ஜட்ஜ்மென்ட் காப்பியும் வேண்டும் என்றார்கள். இன்னொரு நாள் வாங்கி, இன்னொரு தடவை போனேன்.

என் விவாகரத்து பரஸ்பர சம்மதத்தில் நடந்தது அல்ல. நான் வழக்குப் போட்டு, அவர் எதிர்த்து, சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை நடந்து கிடைத்தது. அந்த ஜட்ஜ்மென்ட்டில் நான் என்ன சொன்னேன், அவர் என்னைப் பற்றி என்ன சொன்னார், டாக்டர் என்ன எழுதிக்கொடுத்தார் என்று எல்லாம் இருக்கிறது. மொத்தம் பதினொரு பக்கம். ஏ கவுண்டரில் ஒரு சின்னப் பெண். என் தங்கை வயசு கூட இருக்காது. ஒவ்வொரு தாளாக எடுத்து ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டே வந்தாள். ஆறாவது தாள் வரைக்கும் படிக்கவில்லை. ஏழாவது தாளில் அவள் கண் எங்கேயோ நின்றது. தாளைக் கவிழ்க்காமல் இரண்டு விநாடி கையில் வைத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், "விரல் வைங்கக்கா" என்று ரேகைக் கருவியை என் பக்கம் தள்ளினாள். அதுவரை மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

பி கவுண்டரில் இருந்தவர் பெரியவர். திரையில் அதே பக்கங்களைத் தள்ளிப் பார்த்தார். "என்னம்மா, டிவோர்ஸா?" என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை, சத்தம்தான் இருந்தது. எனக்குப் பின்னால் நாற்காலிகளில் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் என் மகன் படிக்கும் பள்ளியின் வேன் டிரைவர் என்பது திரும்பியபோதுதான் தெரிந்தது. அவர் உடனே செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார், நல்ல மனிதர்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நான் யார் என்பதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு அந்த ஏழாவது பக்கம் எதற்கு?

நான் கேட்டது புதுப்பெயர் இல்லை. நீங்களே எனக்கு அச்சடித்துக் கொடுத்த பெயர். என் முதல் பாஸ்போர்ட் எண் இரண்டாவது பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்களே அடித்தது. 2015-இல் வாங்கிய ரேகையும் 2024-இல் வாங்கிய ரேகையும் உங்களிடமே இருக்கின்றன. இரண்டும் ஒரே கை. போலீஸ் விசாரணையும் தனியாக நடந்தது. ஏட்டு வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு மாமியிடம் கேட்டுவிட்டுப் போனார். பிறந்தபோது வைத்த பெயரே வேண்டும் என்று ஒருத்தி கேட்டால், பிறப்புச் சான்றிதழும் பழைய பாஸ்போர்ட்டும் அவள் கையெழுத்திட்ட உறுதிமொழியும் போதாதா? நடுவில் அவள் யாரோடு வாழ்ந்தாள், ஏன் பிரிந்தாள் என்பது பெயரை உறுதிப்படுத்த எந்த விதத்தில் உதவுகிறது?

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். பெயரை மாற்றிக்கொண்டு கடனையும் வழக்கையும் விட்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு பெயரில் இரண்டு பாஸ்போர்ட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் அதைப் பிடிப்பது ரேகையும் போலீஸ் விசாரணையும். விவாகரத்துத் தீர்ப்பைக் கொண்டுவந்து வைப்பவள் மோசடிக்காரி இல்லை என்று அந்தத் தீர்ப்பில் எங்கேயும் எழுதியிருக்காது. மோசடி செய்கிறவனுக்குக் காகிதம் தயார் பண்ணுவதில் கஷ்டமே இல்லை. எங்களுக்குத்தான் நகல் மனு போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி, நீதிமன்ற நகல் பிரிவின் ஜன்னலில் நிற்க வேண்டும்.

2016 டிசம்பர் 23-இல் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட விதிமாற்றத்தை நான் படித்திருக்கிறேன். பதினைந்தாக இருந்த இணைப்புப் படிவங்களை ஒன்பதாகக் குறைத்தீர்கள். நோட்டரி கையெழுத்து வேண்டாம், வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி போதும் என்றீர்கள். கல்யாணமானவர்கள் திருமணச் சான்றிதழ் தர வேண்டாம், பிரிந்தவர்களும் விவாகரத்தானவர்களும் கணவன் அல்லது மனைவி பெயரைத் தரவே வேண்டாம், விவாகரத்து டிகிரியும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னீர்கள். அப்பா பெயர் மட்டும், அல்லது அம்மா பெயர் மட்டும் போதும் என்றதும் அதே நாளில்தான். நல்ல காரியம். அதைப் படித்த நம்பிக்கையில்தான் நான் முதல் தடவை வெறும் டிகிரியோடு போனேன். அங்கே போனபிறகுதான் புரிந்தது: அந்தச் சலுகை கடைசிப் பக்கத்துக்கு. கணவர் பெயர் என்ற வரியை எடுக்க எதுவும் வேண்டாம். முதல் பக்கத்தில் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அதே ஆளை எடுக்க மட்டும் தீர்ப்பு வேண்டும். கடைசிப் பக்கத்தில் என் சொல்லை நம்புகிறவர்கள் முதல் பக்கத்தில் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

2017 ஏப்ரலில் பிரதமரே, பாஸ்போர்ட்டுக்காகப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்ற வேண்டியதில்லை என்று பேசினார். மாற்ற வேண்டியதில்லை, சரி. ஏற்கெனவே மாற்றிக்கொண்டவர்களை யார் நினைத்தார்கள்?

வழக்கு இன்னும் முடியாதவர்களின் பாடு என்னைவிட மோசம். என் தோழி ஒருத்திக்கு வழக்கு ஐந்தாவது வருடமாக நடக்கிறது. டிகிரி இல்லை, அதனால் பழைய பெயர் இல்லை. புதுப்பிக்கப் போனால் அந்த ஆளின் பெயரிலேயே இன்னும் பத்து வருடம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் ஒரு வழக்கு வந்தது. அங்கேயும் விவாகரத்து வழக்கு நிலுவையில்தான்; பாஸ்போர்ட் கேட்ட பெண்ணிடம் கணவரின் கையெழுத்தை வாங்கிவா என்று சொல்லியிருந்தார்கள். கணவரின் அனுமதியும் கையெழுத்தும் தேவையில்லை, கல்யாணத்தால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்று சொல்லி, நான்கு வாரத்தில் பாஸ்போர்ட் தர உத்தரவிட்டார். தோழி அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, "இது பெயருக்கும் சேருமா?" என்று கேட்டிருந்தாள். வக்கீலைக் கேள் என்றேன். உங்களைத்தான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்: சேருமா?

இது பாஸ்போர்ட்டோடு நிற்கிற விவகாரமும் இல்லை. 2024 தொடக்கத்தில் தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் போனார். பிறந்த வீட்டுப் பெயருக்கு அரசிதழ் வழியாகத் திரும்ப வேண்டுமென்றால் விவாகரத்து டிகிரி அல்லது கணவரின் தடையில்லாச் சான்று வேண்டும் என்ற அறிவிப்பை எதிர்த்து. தடையில்லாச் சான்று! வண்டியை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆர்டிஓ ஆபீசில் வாங்குவோமே, அது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்துக்கு ஒன்று, விவாகரத்துக்கு ஒன்று என்று என் கணக்கு தீர்ந்துவிட்டது. மறுபடி கல்யாணம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, ஆதாருக்கும் நிம்மதி. என் அண்ணனுக்குக் கல்யாணம், விவாகரத்து, மறுமணம் மூன்றும் நடந்தது. ஒரு எழுத்து மாறவில்லை. இருபது வருடமாக அதே பான் அட்டை, அதே வங்கிக் கணக்கு, அதே கையெழுத்து. அவனிடம் இதைச் சொன்னபோது, "அட, ஆமாம்ல" என்றான். அதற்குமேல் அவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எல்லாப் பெண்களும் பழைய பெயருக்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் அத்தைக்கு எழுபத்தொரு வயது. மாமா போய் ஆறு வருடம் ஆகிறது. மகனைப் பார்க்க சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட் புதுப்பித்தபோது, "மாமா பேரை எடுக்கணுமா அத்தை?" என்று கேட்டேன். "அவரு பேரு இருக்கட்டும்டி, ஃப்ளைட்டுல துணையா வருவாரு" என்றாள். அவள் விருப்பம், அவள் பெயர். அதற்கு நீங்கள் ஒரு தாளும் கேட்கவில்லை. வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ஒரு வார்த்தையில் முடிகிறது.

நான் கேட்பது பெரிய சட்டத் திருத்தம் இல்லை. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கோ முந்தைய பாஸ்போர்ட்டில் உள்ள பெயருக்கோ ஒரு பெண் திரும்புவதை, மற்றப் பெயர் மாற்றங்களோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அதற்குத் திருமண நிலை பற்றிய எந்த ஆவணமும் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் திருமணமாகாதவர், ஆனவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் என்று ஐந்து கட்டம் வைத்திருக்கிறீர்கள். அச்சாகி வரும் புத்தகத்தில் அதில் ஒன்றுகூட இருப்பதில்லை. அச்சடிக்காத ஒன்றுக்குச் சான்று கேட்பானேன்? தீர்ப்பு வேண்டியே தீரும் என்ற நிலை எப்போதாவது வந்தால், இரண்டு பக்க டிகிரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று எழுத்தில் சொல்லி, அதை பி கவுண்டர் கண்ணாடியில் ஒட்டுங்கள், தமிழில். சர்நேம் கட்டத்தைத் தமிழ்நாட்டில் காலியாக விடலாம் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் வரைக்கும் போய்ச் சேரட்டும்.

என் மகன் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் வேலை பாக்கி. அவன் கடைசிப் பக்கத்தில் அம்மா பெயர் என்ற இடத்தில் அவன் அப்பா பெயரோடு சேர்ந்த நான் இருக்கிறேன். என் கையில் இருப்பது வேறு பெயர். இரண்டு பேரும் ஒன்றாகப் பயணம் போனால், குடிவரவு அதிகாரி யாராவது இவன் உன் பிள்ளைதானா என்று கேட்கத்தான் செய்வார். அதற்கு ஒரு 1,000 ரூபாய், இன்னொரு நேரம், இன்னொரு வரிசை. பையன் கேட்டான், "அம்மா, உன் பேரு மாறினா நான் மாறணுமா?" பத்து வயசுப் பையனுக்கு எந்தப் படிவத்தைக் காட்டி விளக்குவது?

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது எனக்கு மட்டுமானது. என் பாஸ்போர்ட் வந்துவிட்டது. பழையதன் மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் அந்தப் பதினொரு பக்கங்களும் உங்கள் கணினியில் இருக்கின்றன. இனி என் கோப்பைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும், பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க வரும்போது உட்கார்ந்திருக்கப்போகிற யாரோ ஒருவருக்கும், அந்த ஏழாவது பக்கம் திரையில் வரும். அதை நீக்க வழியிருக்கிறதா, இருந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்று தெரியப்படுத்துங்கள். பதில் அனுப்ப வேண்டிய முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
'சி' என்ற இனிஷியலைத் திரும்ப வாங்கிய ஒருத்தி